பழைய கார் பெட்ரோல் குடிக்கிறதா? கடலூர், புதுச்சேரி வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாருதி 800, ஆல்டோ, ஸென், சான்ட்ரோ, இண்டிகா என்று பதினைந்து இருபது வயதான வண்டியை இன்னும் விற்காமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதியது. காசு செலவாகாத சோதனைகள் முதலில் வருகின்றன, செலவு வைப்பவை பின்னால் வருகின்றன. அதனால் வரிசையாகவே போங்கள். நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய் எஞ்சினை இறக்கிவிடாதீர்கள்.

முன்பு லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 11தான் கொடுக்கிறது. இது நிஜமா, பிரமையா?

அந்த 11 எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. 500 ரூபாய்க்குப் போட்டேன், முள் இவ்வளவு ஏறியது, ரிசர்வ் லைட் அங்கே எரிந்தது என்று சொல்வதெல்லாம் கணக்கே இல்லை. டேங்குக்குள் இருக்கும் மிதவை இத்தனை வருடம் பெட்ரோலில் ஊறிக் கிடக்கிறது, அதை நம்பினால் வாரத்துக்கு ஒரு மைலேஜ் வரும்.

டேங்க் ஃபுல் கணக்குதான் சரி. நாசில் தானாகக் கட் ஆகும் வரை போடுங்கள். ரவுண்டாக்குகிறேன் என்று பையன் இன்னும் கொஞ்சம் விட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ஒரு 300 கிலோமீட்டராவது ஓடிய பிறகு அதே பங்க், முடிந்தால் அதே நாசில், வண்டி அதே பக்கம் பார்த்து நிற்கும்படி வைத்து, மறுபடி கட் ஆகும் வரை போடுங்கள். ஓடியது 412 கிலோமீட்டர், பிடித்தது 31.6 லிட்டர் என்றால் மைலேஜ் 13. இதை இரண்டு டேங்குக்குச் செய்து பாருங்கள், ஒன்று போதாது.

எங்கே ஓட்டினீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போய் வந்த டேங்கையும், தினமும் மரப்பாலம் சிக்னலில் நின்று நின்று போன டேங்கையும் ஒப்பிட்டால் வண்டி மேல் வீண்பழி விழும்.

இனி இந்தப் பக்கம் முழுக்க ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 16 போய் 11 வந்தால் அது 30 சதவீதத்துக்கு மேல் இழப்பு. கீழே வரும் ஒவ்வொரு காரணமும் அதில் எத்தனை சதவீதத்துக்குப் பொறுப்பேற்க முடியும் என்று கேட்டுக்கொண்டே வந்தால் பாதி சந்தேகங்கள் தானாகக் கழன்றுவிடும்.

பங்க்கில் அளவு குறைவாகப் போட்டால்?

சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 5 லிட்டர் அளவுப் பாத்திரம், எடையளவுத் துறை முத்திரையோடு, ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை முன்பின் இருக்கலாம் என்பது விதி, அதாவது அரை சதவீதம். அளவு சரியாக இருந்தால் அந்தப் பங்க்கை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். அளக்கச் சொன்னதும் முகம் மாறினால், வேறு பங்க்குக்கு மாறிக் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

பாண்டியில் விலை குறைவு என்று கடலூரிலிருந்து போய் டேங்க் ஃபுல் செய்கிறேன். லாபம்தானே?

வேலையாகப் போகும்போது போட்டு வந்தால் லாபம். அதற்காகவே போனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 6 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம், 30 லிட்டருக்கு 180 ரூபாய். எல்லையில் முள்ளோடை வரை போய் வர 20 கிலோமீட்டர், வண்டி 12 கொடுக்கிறது என்றால் ஒன்றரை லிட்டருக்கு மேல் அங்கேயே போயிற்று. கையில் நிற்பது ஒரு டீயும் வடையும்.

டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் இறங்கிவிட்டது. டயருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது, அதுவும் இரண்டு விதமாக. பல மாருதி 800களில் கம்பெனி அளவு 145/70 ஆர்12. கடையில் அது இல்லாமல் ஆல்டோவுக்குப் போடும் 145/80 ஆர்12 போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 5.7 சதவீதம் அதிகம். அப்படியென்றால் வண்டி நிஜமாக 105 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்போது மீட்டர் 100 என்றுதான் காட்டும், நீங்கள் மைலேஜ் குறைந்தது என்று மெக்கானிக்கைத் தேடுவீர்கள். போனில் வரைபடத்தை ஓடவிட்டு, இடைவிடாமல் ஒரு 30 கிலோமீட்டர் போய் மீட்டரோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இன்னொரு விதம் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்திலோ தூணிலோ ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் அளவுதான் உங்கள் அளவு. பஞ்சர் கடைக்காரர் எல்லா வண்டிக்கும் போடும் பொது அளவு இல்லை. காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள். அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குப்படி நான்கு சக்கரத்திலும் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ குறைந்தால் சுமார் 0.2 சதவீதம்தான் போகும். ஆக 5 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் ஒரு சதவீதம். டயர் ஆயுளுக்காகவும் பிடிப்புக்காகவும் காற்றைச் சரியாக வையுங்கள், ஆனால் காணாமல் போன 5 கிலோமீட்டர் அங்கே கிடைக்காது.

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்துதான் இப்படி என்று எல்லோரும் சொல்கிறார்களே?

அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழுப் பழியும் அதற்குப் போகாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம் குறைகிறது. நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்றுதான் சொன்னது. 16 கொடுத்த வண்டி 15 கொடுத்தால் இ20 மேல் பழி போடுங்கள், நியாயம். 11 கொடுத்தால் வேறு ஏதோ இருக்கிறது.

பழைய வண்டிக்காரர்கள் இதில் மைலேஜைவிடக் கவலைப்பட வேண்டியது ரப்பர் குழாய்களைப் பற்றி. எத்தனாலுக்காகச் செய்யாத பழைய ஹோஸ் ஊதும், வெடிப்பு விடும், கசியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், கடலோரக் காற்றில் மாதக் கணக்கில் அரை டேங்கோடு வண்டியை நிறுத்தி வைப்பது நல்லதில்லை. இரவு நிறுத்தி காலையில் பக்கத்தில் போனால் பெட்ரோல் வாசனை அடிக்கிறதா? அப்படி அடித்தால் மைலேஜ் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே கசிவைப் பாருங்கள். அது தீப்பிடிக்கும் விஷயம்.

வண்டி முன்பு மாதிரி உருளவில்லை, இழுவையாக இருக்கிறது. எங்கே பார்ப்பது?

பிரேக்கில். நம் பக்கத்துப் பழைய வண்டிகளில் காணாமல் போகும் பெட்ரோலில் பெரும் பங்கு இங்கேதான் போகிறது என்பது என் கட்சி. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம், தேங்காய்த்திட்டு மாதிரி கடலுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளைக் கேட்கவே வேண்டாம், உப்புக் காற்று கீழ்ப்பாகத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

முன் சக்கரத்தில் காலிப்பர் என்று ஒன்று பிரேக் பேடை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. அது வழுக்கி நகர இரண்டு பின்கள் உண்டு. பின்னின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் காய்ந்து துருப்பிடித்தால், பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பிரேக் பேட் மாற்றும்போது பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போடுவது ஐந்து நிமிட வேலை, அதைச் செய்யாமலேயே புதுப் பேடை அமுக்கி மூடி அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. இரண்டு பேடில் ஒன்று மட்டும் தகடாகத் தேய்ந்து இன்னொன்று புதிது போல இருந்தால் அந்தப் பின் நகராமல் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

பின் சக்கரத்தில் டிரம்மும் ஹேண்ட் பிரேக் கேபிளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஒரு வாரம் நிறுத்தினால் கேபிள் உறைக்குள் துருவேறி, லிவரை இறக்கினாலும் பிடி முழுசாக விடாது. 2024ல் ஃபெஞ்சல் புயலின்போது தண்ணீரில் நின்ற வண்டி என்றால் டிரம்மைத் திறந்து சேறு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், வீல் பேரிங்கையும் சேர்த்து.

சோதனை சுலபம். காலி ரோட்டில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக்கை முடிந்தவரை மிதிக்காமல் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு நிறுத்துங்கள். இறங்கி நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைப் பக்கத்தில் கொண்டு போங்கள், தொட வேண்டாம். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிடித்துவிட்டீர்கள். அப்புறம் சமதளத்தில் ஜாக்கி போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசல் சத்தம் கேட்கலாம், ஆனால் ஒரு தள்ளு தள்ளினால் ஒரு சுற்றாவது வர வேண்டும். (முன் சக்கரத்தைச் சுற்றும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.)

டெம்பரேச்சர் முள் பாதிக்கும் கீழேதான் நிற்கிறது. எஞ்சின் குளிர்ச்சியாக இருப்பது நல்லதுதானே?

இல்லை. இது ஊரறிந்த ரகசியம். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்று உண்டு. எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டிச் சூடாகும் வரை அது மூடியே இருந்து, தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் நிறுத்தும். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்த வண்டிகளில் இது மாட்டிக்கொண்டு எஞ்சின் கொதித்துவிடும். உடனே மெக்கானிக் வால்வையே பிடுங்கிப் போட்டுவிடுவார், "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று ஒரு விளக்கமும் வரும். கூடவே ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் பண்ணிவிட்டால் சாவி திருப்பியதிலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கும். கொதிப்பது நின்றுவிடும். நீங்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள்.

ஆனால் அதற்கப்புறம் எஞ்சின் சூடாக வேண்டிய அளவுக்குச் சூடாவதே இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோலை அளந்து விடும் கம்ப்யூட்டர், எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்த நிலைதான் என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். வெயில் எவ்வளவு அடித்தாலும் வெளிக்காற்று 40 டிகிரிதான், எஞ்சினுக்கு வேண்டியது அதைப்போல இரண்டு மடங்கு.

காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. வால்வு இருந்தால் ஹோஸ் வெகுநேரம் சில்லென்று இருந்து பிறகு சட்டென்று சூடாகும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே மெல்ல மெல்ல சூடேறிக்கொண்டு வந்தால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டியிருக்கிறது. புது வால்வு பெரிய விலை கிடையாது. ஆனால் அதைப் போடும் முன் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முறையான கூலன்ட் ஊற்றி, ஃபேனை அதன் சுவிட்ச்சுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் வால்வை மட்டும் போட்டால் பழையபடி கொதிக்கும், மெக்கானிக் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

செக் எஞ்சின் லைட் எரியவில்லை. அப்போது சென்சாரெல்லாம் நன்றாக இருப்பதாகத்தானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல முடியாது. சென்சார் செத்தால்தான் லைட் எரியும், பொய் சொன்னால் பல வண்டிகளில் எரியாது. மைலேஜைப் பொறுத்தவரை இரண்டு பேரைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஒன்று கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரில் சொருகிப் படிக்கும் கருவி) கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், நம் ஊரில் இரண்டும் 28, 30 என்று காட்டும். கூலன்ட் மட்டும் 5 என்றோ மைனஸ் 40 என்றோ காட்டினால் சென்சாரோ ஒயரோ போய்விட்டது. மைனஸ் 40 என்றால் பெரும்பாலும் ஒயர் விட்டுப்போயிருக்கும் அல்லது கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கும், சென்சார் வாங்கும் முன் அதைத் துடைத்துப் பாருங்கள்.

இன்னொன்று சைலன்சர் பைப்பின் மேல்முனையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். எஞ்சின் சூடான பிறகு அதன் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். கீழேயே படுத்துவிட்டால், பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும். அதற்காக உடனே சென்சாரை மாற்றிவிடாதீர்கள். சென்சாருக்கு முன்னால் இருக்கும் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் சின்ன ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் சென்சார் இதையேதான் சொல்லும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

ஸ்கேனர் எல்லா வண்டியிலும் பேசாது. வண்டி தன் கோளாறைத் தானே கண்டு ஸ்கேனருக்குச் சொல்லும் ஏற்பாடான ஓபிடி இந்தியாவில் கட்டாயமானது 2010 ஏப்ரலில் பிஎஸ்4 (புகை விதி) வண்டிகளோடு, முழுமையான இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டியில் ஆன்லைனில் வாங்கிய சின்ன ஸ்கேனர் ஒன்றுமே காட்டாமல் போகலாம், ஸ்கேனர் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். அந்த வண்டிகளுக்கு மல்டிமீட்டர்தான். கூலன்ட் சென்சாரின் மின்தடை குளிரில் 2 கிலோ ஓம் வாக்கிலும், ஓடிச் சூடான பிறகு 300 ஓம் வாக்கிலும் இருக்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடுமா?

இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் கூடாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஃபில்டர் அடைத்தால் பிக்கப் குறைகிறது, மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. காற்று எவ்வளவு வருகிறதோ அதற்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. கார்புரேட்டர் வண்டிக்கு அந்தப் புத்தி கிடையாது, அதில் 2 முதல் 6 சதவீதம் வரை வித்தியாசம் வந்தது.

ஸ்பார்க் பிளக்கைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள், அது எஞ்சினின் வாக்குமூலம். நல்ல ஓட்டம் ஓடிய பிறகு கழற்ற வேண்டும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. ஒரு பிளக் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டரின் பிளக் ஒயர், காயில், இன்ஜெக்டரை மட்டும் பாருங்கள்.

என்னுடையது கார்புரேட்டர் வண்டி. வேறு என்ன பார்க்க வேண்டும்?

சோக் முழுசாகத் திறக்கிறதா, ஃப்ளோட் ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிகிறதா, இவை இரண்டும் முதலில். அடுத்து டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஒரு தட்டையான டப்பாவுக்கு மெல்லிய ரப்பர் குழாய் போகும், அதைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர்ந்து, உறிஞ்சல் பிடித்து நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. வண்டி ஓடும், ஆனால் சீரான வேகத்தில் போகும்போது டைமிங் முன்னேறாமல் பெட்ரோல் வீணாகும். கார்புரேட்டர் டியூன் செய்பவர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை.

டீசல் வண்டிக்கு?

கரும்புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கிழிசல், இன்ஜெக்டர் நாசில், இந்த வரிசையில். பிரேக்கும் தெர்மோஸ்டாட்டும் டீசலுக்கும் அப்படியே பொருந்தும்.

ஊருக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன், ஏசி போட்டுத்தான் ஓட்டுகிறேன். என்ன எதிர்பார்க்கலாம்?

லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதி போய்க் காய்கறி வாங்கித் திரும்புவதுதான் வண்டியின் வேலை என்றால் எஞ்சின் முழுச்சூடு ஏறும் முன்னே வீடு வந்துவிடும். 800 சிசி எஞ்சினுக்கு ஏசி கம்ப்ரசர் பெரிய சுமை. சனி ஞாயிறில் சுற்றுலாக் கூட்டத்தில் மாட்டினால் சொல்லவே வேண்டாம். இப்படி ஓடும் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே நெடுஞ்சாலை மைலேஜில் கால் பங்குக்கு மேல் போய்விடும். ரிப்பேருக்குப் போகும் முன் ஒருமுறை விழுப்புரம் தாண்டிப் போய் வந்து அந்த டேங்க்கின் கணக்கைப் பாருங்கள். அங்கே பழைய மைலேஜ் வந்துவிட்டால் வண்டியைத் தொடாதீர்கள்.

பெட்ரோலில் ஊற்றும் மருந்து, இன்ஜெக்டர் கிளீனிங், குழாயில் மாட்டும் காந்தம்?

காந்தம் ஏமாற்று. மருந்தும் கிளீனிங்கும் ஐடிலிங்கில் நடுக்கம், பிளக்கில் கரி என்று அறிகுறி இருந்தால் செய்யலாம், சர்வீஸ் பில்லில் வரி கூட்டுவதற்காக என்றால் வேண்டாம்.

கிளட்ச் வழுக்கினாலும் மைலேஜ் போகுமா?

போகும். நான்காவது கியரில் 40ல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் எகிறி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தட்டு முடிந்தது.

எல்லாம் பார்த்தாயிற்று. எஞ்சின் இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்து காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியில் பொதுவாக 150 பிஎஸ்ஐக்கு மேல் வரும், சிலிண்டருக்கு சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு, அதற்கு முன் வால்வைத் தள்ளும் டப்பெட்டின் இடைவெளி இறுகிப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டப்பெட் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும், எஞ்சின் இறக்கத் தேவையில்லை.

எல்லா சிலிண்டரும் சமமாக, நீலப்புகை இல்லாமல், ஆயில் குறையாமல் இருந்தால் அந்த எஞ்சினை இறக்க ஒரு காரணமும் கிடையாது. அளந்த எண்களைத் தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, ஆர்சி புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மெக்கானிக்கும் இதையே சொல்லும்போது காட்டலாம்.